பூச்சு கரைகிற மாதங்கள்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் ஆளுக்குத் தகுந்தபடி பதில் சொல்லிப் பழகிவிட்டேன். படித்தவர்களிடம், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கிற ஸ்டென்ட் கம்பெனியில் இருக்கிறேன் என்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம், ஆஸ்பத்திரிக்குச் சாமான் கொண்டுபோகிறேன் என்பேன். பெண் பார்க்கப் போன வீடுகளில் இரண்டையும் சொல்லிப் பார்த்தாயிற்று. எதுவும் எடுபடவில்லை. நாற்பதைத் தாண்டியதும் அந்த முயற்சியை நானே மூட்டைகட்டி வைத்துவிட்டேன்.

சொந்த ஊர் ராயகிரி. அப்பா அம்மா போன பிறகு அங்கே எனக்கு ஒன்றும் இல்லை. திருநெல்வேலிக்கும் ராஜபாளையத்துக்கும் மதுரைக்கும் பஸ் வசதி என்று சங்கரன்கோவிலில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர் குடும்பம். பின்கட்டில் அவருடைய விசைத்தறிக்கூடம். காலையிலிருந்து சாயங்காலம் வரை தறிச்சத்தம் தரை வழியாக ஏறி என் கட்டிலை ஆட்டும். வந்த புதிதில் தலைவலித்தது. அப்புறம் கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் எனக்கு எதையோ தொலைத்த மாதிரி இருக்கும்.

ஆஸ்பத்திரியில் என் இடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். உள்ளே மேஜையில் நோயாளி படுத்திருப்பார். மருத்துவர் மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய கம்பியைச் செலுத்திக்கொண்டு, திரையைப் பார்த்து, இந்த நீளம், இந்த விட்டம் என்று கேட்பார். நான் பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து நர்சிடம் கொடுப்பேன். முகக்கவசமும் தொப்பியும் போட்டிருப்பதால் என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. வெளியே காத்திருக்கிற உறவுக்காரர்கள் மருத்துவரைக் கும்பிடுவார்கள், நர்சைக் கும்பிடுவார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வேறு வாசல் வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். குறை சொல்லவில்லை. கம்பெனி விதியே அதுதான்: உள்ளே பார்த்ததை உள்ளேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

நான் விற்பது கம்பி வலை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் நான் விற்பது அதன் மேல் இருக்கிற பூச்சைத்தான். வெறும் உலோகத்தை ரத்தக்குழாய்க்குள் வைத்தால் உடம்பு அதைக் காயமாக எடுத்துக்கொள்ளும். ஆறுகிறேன் பேர்வழி என்று உள்பக்கமாகச் சதையை வளர்த்து, திறந்துவிட்ட வழியை மறுபடியும் அடைத்துவிடும். அதைத் தடுக்க, கண்ணுக்குத் தெரியாத மெல்லிசில் ஒரு பூச்சு. அதற்குள் மருந்து. மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சதை வளர்ச்சியை அடக்கும். முன்னால் வந்த பூச்சுகள் மருந்து தீர்ந்த பிறகும் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்து சிலருக்குத் தொந்தரவு கொடுத்தன. இப்போது நான் கொண்டுபோகிறவற்றில் இருப்பது உடம்புக்கு ஒத்துப்போகிற பூச்சு. மருந்தைக் கொடுத்து முடித்துவிட்டுச் சில மாதங்களில் தானும் கரைந்து போய்விடும்.

ஆனால் அந்த மருந்துக்கு ஆகாத சதை, ஆகிற தோல் என்றெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தக்குழாயின் சொந்தத் தோல் அந்த உலோகத்தின் மேல் படர்ந்து அதை மூடிக்கொள்ள வேண்டும். மருந்து அதையும் சேர்த்துத் தாமதப்படுத்தும். தோல் மூடாத இடத்தில் ரத்தம் பட்டால் அங்கேயே உறைந்து கட்டிவிடப் பார்க்கும். அப்படிக் கட்டினால் நிமிஷத்தில் ஆள் போய்விடலாம். அதனால்தான் ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை. மருத்துவர் போதும் என்று சொல்கிறவரை ஒரு நாள்கூட விடக்கூடாது. பூச்சு கரைந்த பிறகும் போட வேண்டும்.

இனி வீட்டுக்காரர். ஐம்பத்தைந்தை ஒட்டிய வயது, கனத்த சரீரம், அதற்குச் சம்பந்தமில்லாத மெல்லிய குரல். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் தறி நின்றதும் மொட்டை மாடிக்கு வருவார். நானும் ஊரில் இருந்தால் ஏறிப்போவேன். பேச்சென்று பெரிதாக ஒன்றும் இராது. நூல் விலை, மழை, கரண்ட் கட், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் வண்டி எடுக்க முடியாத கஷ்டம். என் சமையலைக் கிண்டல் செய்வார். நான் வைத்த ரசத்தின் வாடைக்கு அவர் வீட்டுப் பூனை ஊரைவிட்டே ஓடிவிட்டது என்று ஒருநாள் சொன்னார். அந்த ஊரில் என்னைக் கிண்டல் செய்ய எனக்கு அவர் ஒருவர்தான் இருந்தார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீடு நிறைய ஆள் இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

அவருக்கு ஒரே மகள். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கிற குடும்பத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் அண்ணாச்சி ஈரோட்டுக்கு நூல் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் நான் வழக்கம்போலப் பனவடலிசத்திரம் வழியாகத் திருநெல்வேலிக்குப் போனேன். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கேஸ் இருந்தது. உள்ளே போனபோது நோயாளியை ஏற்கெனவே துணியால் மூடிப் படுக்க வைத்திருந்தார்கள். திரையில் இதயத்தின் இடதுபக்கத்துப் பெரிய குழாயில் மோசமான அடைப்பு. மருத்துவர் அளவு சொன்னார், நான் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். பலூனை ஊதி ஸ்டென்டை விரித்தபோது, படுத்திருந்தவர் எங்கள் பக்கத்து ஸ்பீக்கரில் கேட்கிற மெல்லிய குரலில், "சார், முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்.

கேட்டுப் பழகிய குரல். எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சிதான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் அங்கே சாமான் கொண்டுவந்தவன். கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றேன். வெளியே வந்து பார்த்தால் பெஞ்சில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார், திருநெல்வேலியில் இருக்கிற அவருடைய மச்சினர். வீட்டுக்கு வந்துபோகும்போது மாடியிலிருந்து பார்த்து எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியாது. வீட்டம்மாள் இல்லை, மகள் இல்லை.

காரணத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. சம்பந்தம் பேசுகிற நேரத்தில் பெண்ணைப் பெற்றவருக்கு நெஞ்சுவலி என்று வெளியே தெரிந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும். குடும்பத்தில் சீக்கு உண்டா என்று தாலுகா முழுக்க விசாரிப்பார்கள். பொண்டாட்டியிடம் சொன்னால் அவள் அழுவாள், அழுதால் தெருவுக்கே தெரியும். ஆகவே மனிதர் நெஞ்சைத் திறந்து காட்ட மச்சினர் ஒருவரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

சில நாளில் வீட்டுக்குத் திரும்பினார். மணிக்கட்டில் கட்டு. பஸ் கம்பியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். ஈரோட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சல் என்று கொஞ்ச நாள் படுத்திருந்தார். வீட்டம்மாள் கஷாயம் போட்டுக் கொடுத்தார். நான் மாடியிலிருந்து அவர் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சைத் தடவுகிறாரா என்று. பழையபடி மொட்டை மாடிக்கு ஏறி வந்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை. என்ன வே, ஊமையாயிட்டீரா என்று கேட்டார்.

நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவர் சொல்லாத ஒன்றை நான் எப்படித் தெரிந்ததாகக் காட்டுவது? மாதங்கள் போயின. சம்பந்தம் முடிவாகி, பூ வைக்கவும் நாள் குறித்தார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஒருநாள் சாயங்காலம் அவர் தன் பழைய சிநேகிதன், சேக்காளி ஒருவனுக்கு நம்ம ஸ்பிரிங் வைத்திருப்பதாக ஆரம்பித்தார். நான் விற்கிற ஸ்டென்டை அவர் ஸ்பிரிங் என்றுதான் சொல்வார். சேக்காளிக்கும் அவர் வயதுதானாம். அவனும் தறி வைத்திருக்கிறானாம். மாத்திரையை வீட்டில் வைக்க முடியாமல் தறிக்கூடத்தில் நூல் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறானாம். நான் முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டு ம் கொட்டினேன்.

சேக்காளிக்கு இப்போது மாத்திரையால் பெரிய தொல்லை என்றார். பல் விளக்கினால் ரத்தம் வருகிறது. சவரம் செய்தால் ரத்தம் நிற்க நேரமாகிறது. லேசாக இடித்தாலும் கையில் நீலம் பாய்ந்துவிடுகிறது. சம்பந்தக்காரர் வீட்டு அம்மாள் ஒருத்தி அந்த நீலத்தைப் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்டுவிட்டாளாம். அப்புறம் கேட்டார்:

"டாக்டர் சொன்னாராம், அந்தப் பூச்சு இத்தன மாசத்துல கரைஞ்சிரும்னு. கரைஞ்சிட்டுன்னா அப்புறம் மாத்திரை எதுக்கு வே? பாவுக்குக் கஞ்சி போடுதோம், தறியில நூலு அறாம இருக்கதுக்கு. நெஞ்சு முடிச்சு அலசிட்டா கஞ்சியும் போச்சு, கவலையும் போச்சு. சேலை தன்னால நிக்கும்லா?"

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். "நெஞ்சு" என்று அவர் சொன்னது நெய்து என்பதைத்தான். அவர்கள் பேச்சில் அப்படித்தான் வரும். அவர் வாழ்நாளெல்லாம் பார்த்த பூச்சு அந்தக் கஞ்சி ஒன்றுதான். வேலை முடிகிறவரை நூலைக் காப்பாற்றும், முடிந்ததும் தண்ணீரோடு போய்விடும், அதற்குப் பிறகு யாரும் அதை நினைப்பதில்லை. அவர் கணக்கில் மாத்திரை என்பது பூச்சுக்குத் துணை. பூச்சே இல்லையென்றால் துணை எதற்கு? கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சேக்காளி மாத்திரையை நிறுத்திவிட்டானா என்று கேட்டேன். நிறுத்தி ஒரு வாரம் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை, கல்லு மாதிரி இருக்கிறான் என்றார் பெருமையாக.

முடிந்த மட்டும் சொன்னேன். கஞ்சி வேறு, இது வேறு. பூச்சு போனால் உள்ளே நிற்பது வெறும் உலோகம். அதன் மேல் தோல் மூடிவிட்டதா என்று வெளியிலிருந்து தெரியாது. ரத்தம் கட்டினால் முன்கூட்டி அறிவிப்பெல்லாம் கொடுக்காது. உங்கள் சேக்காளியை இன்றைக்கே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். சொல்லுதேன் வே, சொல்லுதேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் திருநெல்வேலியில் அந்த மருத்துவரிடம் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. இது விளையாட்டில்லை, இன்றைக்கே மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள், ஆளை என்னிடம் அனுப்புங்கள் என்றார். அனுப்புவதற்கு நான் யார்? திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். தெரிந்ததாகச் சொன்னால் கம்பெனி விதியை மீறியவன் ஆவேன். அது போகட்டும், விதியை மீறினால் வேலைதானே போகும். அவர் என்னிடம் மறைத்து வைத்ததை நான் இத்தனை மாதமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தால் அவர் என்னோடு பேசுவாரா? எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

சாயங்காலம் மாடிக்கு வந்தார். சேக்காளி என்ன சொன்னான் என்று கேட்டேன். அவன் கேட்க மாட்டேன் என்கிறான், கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்கிறான் என்றார். கல்யாணத்துக்கு இன்னும் மாதக்கணக்கு இருந்தது. அன்றைக்குப் புது வேட்டி கட்டியிருந்தார். முழங்கையில் இருந்த நீலம் மஞ்சளாக மாறி மறையத் தொடங்கியிருந்தது, புதிதாக ஒன்றும் இல்லை; மாத்திரை நின்றுபோனதன் அடையாளம். அதைப் பார்த்ததும் இதற்கு மேல் அந்தச் சேக்காளியோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தோன்றிவிட்டது.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன்" என்றேன். "உங்களுக்கு வச்சத என் கையாலதான் எடுத்துக் குடுத்தேன்."

அவர் முழங்கையைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு யாரிடம் சொன்னீர் என்று கேட்டார். யாரிடமும் இல்லை, டாக்டரிடம்கூடப் பெயர் சொல்லவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா தெரியாது. மாத்திரையை இன்றைக்கே போடுங்கள், உங்கள் மகள் கல்யாணத்தில் நீங்கள் நிற்க வேண்டும் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். என் அப்பாவிடம்கூட நான் அப்படிக் கெஞ்சியதில்லை.

அவர் எழுந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போடுதேன் வே. நீரு சொன்னதுக்காகவே போடுதேன். டாக்டரையும் பாக்கேன்" என்றார். குரல் இன்னும் மெலிந்திருந்தது. "ஆனா நீரு வீட்டக் காலி பண்ணிரும். என் நெஞ்சுக்குள்ள பாத்த ஆளு என் தலைக்கு மேல குடியிருந்தா எனக்கு உறக்கம் வராது."

நான் சரி என்றேன். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் என்னிடம் உதவி கேட்கிற மாதிரிக் கேட்டார். அவர் முதலில் இறங்கினார்.

வீட்டம்மாளிடம், கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் தங்க மாடி வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கு என்னை அனுப்ப மனமில்லை. கல்யாணம் முடிந்ததும் திரும்பி வந்துவிடுங்கள் என்றார். நானும் வந்துவிடுகிறேன் என்றேன். ஊரின் மறுகோடியில் ஒரு வீடு கிடைத்தது. சாமான் ஏற்றிய வேனில் ஏறும்போது அண்ணாச்சி தறிக்கூடத்துக்குள் இருந்தார். வெளியே வரவில்லை.

புது வீட்டில் சத்தமே கிடையாது. எதிரே காலி மனை, பக்கத்தில் பூட்டிய வீடு. முதல் சில நாள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. சாயங்காலம் ஆனதும் கால் மாடிப்படியைத் தேடும். அது ஓட்டு வீடு, மாடியே கிடையாது. சமைத்ததை ருசி பார்த்துவிட்டு நானே சிரித்துக்கொள்வேன், பிறகு அந்தச் சிரிப்பின் சத்தம் எனக்கே பிடிக்காது. அவர் மாத்திரை போடுகிறாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வாக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். பஜாரில் அவருடைய பைக் நிற்பதைப் பார்த்தால் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். அந்த பைக்கைப் பார்ப்பதற்காகவே சுற்றுவழியில் போன நாட்கள் உண்டு.

கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. பழைய தெருவில் எல்லா வீட்டுக்கும் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வராது என்று தெரிந்தும் அந்த வாரம் முழுக்கச் சீக்கிரமே வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்திருந்தேன். கல்யாணத்தன்று எனக்கு மதுரையில் கேஸ். மண்டபத்தைத் தாண்டித்தான் பஸ் போயிற்று. வாசலில் பட்டு வேட்டியில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். நின்றிருந்தார், அதுதான் முக்கியம். பஸ் நகர்ந்த பிறகு எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைச் சாத்தவா, தூசி அடிக்கிறதா என்று கேட்டார்.

போன மாதம் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பையோடு வராந்தாவில் போய்க்கொண்டிருந்தேன். வெளிநோயாளிகள் வரிசையில் அவரும் வீட்டம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அந்த அம்மாள் பார்த்துவிட்டார். என்னை நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினார். மகளைப் புளியங்குடிக்கு அனுப்பிவைத்த பிறகுதான் இவர் விஷயத்தையே சொன்னாராம். கேட்டு மயக்கம் வராத குறையாம். இப்போது காலையில் மாத்திரை போடாமல் காப்பி தொடுவதில்லையாம். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த அம்மாள் என்னைக் கோபித்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு எட்டிக்கூடப் பாக்கலியே நீங்க. இவுக வந்து பத்திரிகை வச்சாகல்லா?"

அண்ணாச்சி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மொட்டை மாடியில் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"வச்சாக, ஆச்சி" என்றேன். "எனக்குத்தான் அன்னைக்கு வேலை."

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் ஃபைலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் எழுந்து, ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி என் முன்னால் கொஞ்சம் நின்றார். நான் காத்திருந்தேன். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே போனார். அவர் போன கதவு சாத்திக்கொண்ட பிறகு நான் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு என் வாசலைப் பார்த்து நடந்தேன்.